தொய்ந்த நரம்பு

"ஏங்க, மேல வந்துடுங்க. அந்த போர்டைப் பாத்தீங்கல்ல?"

யுவராணி மறுபடியும் கெஞ்சினாள். 'முதலை நடமாட்டம் உள்ள பகுதி' என்ற பலகை, அவள் உட்கார்ந்திருந்த பாறைக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. ஏரியூருக்கு மேற்கே காவிரித் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்ற அவள் கணவன் பூவரசன் சிரித்தான். "என்னைத் தின்னா முதலைக்குத்தான் பேதி புடுங்கும். உன் தூண்டில் நரம்பைப் பாரு புள்ள."

போன வாரம் பெரிய கெளுத்தி ஒன்று, தூண்டில் நரம்பை அது சுற்றியிருந்த பாட்டிலோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கடுப்பில் இன்று பாட்டிலே வேண்டாமென்று, நரம்பின் நுனியை இடது மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். அதுவும் யுவராணிக்குப் பிடிக்கவில்லை.

அவள் கையிலிருந்த பாட்டிலிலிருந்து இறங்கிய நரம்பு ஆள்காட்டி விரலின்மேல் கிடந்தது. டிக், டிக் என்று சின்னச் சின்ன அதிர்வு. ஜிலேபி மீன் குஞ்சுகள் முள்ளில் மாட்டிய கோழிக்குடலைக் கொறித்தன. இதற்கெல்லாம் இழுக்கக் கூடாது. இரையை வாயில் வாங்கிக்கொண்டு மீன் நகரும்போதுதான் சுண்ட வேண்டும்.

திடீரென்று கொறிப்பது நின்றது.

"குஞ்சு மீனெல்லாம் ஓடிப்போச்சுங்க."

"அப்போ பெருசு வந்திருக்கு. பேசாத இரு."

அவன் விரலில் பாரம் மட்டும் ஏறியது. துடிப்பே இல்லை, ஈரத்துணி மாட்டியது போல. மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். பாரம் மெல்ல நகர்ந்தது. வெடுக்கென்று சுண்டினான்.

அடுத்த நொடி நரம்பு மணிக்கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. இடுப்பளவு தண்ணீருக்கு இழுபட்டான். பிறகு இழுப்பு நின்றது. நரம்பு தொய்ந்தது.

"ச்சே! அந்துபோச்சு!"

யுவராணி உற்றுப் பார்த்தாள். அறுந்த நரம்பு தண்ணீர்மேல் சுருண்டு மிதக்கும். இது தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. இறங்கிய இடம் அவனை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் எழுந்து கத்தினாள். "அந்துபோகலீங்க! அது உங்ககிட்டதான் வருது! ஏறுங்க!"

திரும்பினான். சேற்றில் புதைந்த கால் வரவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்தான், இறுகியிருந்தது. குமிழிகள் வரிசையாக அவனை நெருங்கின.

"யுவராணி... கத்தி!"

குடல் நறுக்கிய கத்தி அவள் காலடியில்தான் கிடந்தது. எடுத்தாள். இறங்க உடம்பு மறுத்தது. நரம்புப் பாட்டிலைக் கீழே போட்டாள். குடல் வாளியைத் தூக்கி, குமிழிகளுக்கு அப்பால் முழுசாக வீசினாள். தொப்பென்று விழுந்த சத்தத்தில் குமிழிகள் நின்றன.

குதித்தாள். நரம்பை அறுத்து, அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். ஒரு செருப்பை வைத்துக்கொண்டு சேறு காலை விட்டது. இருவரும் பாறையில் வந்து விழுந்தபோது, குடல் மிதந்த இடத்தில் நீண்ட தாடை ஒன்று திறந்து மூடியது. அதன் ஓரத்தில் பூவரசனின் நரம்பு தொங்கியது.

அவன் மணிக்கட்டில் மிச்சமிருந்த முடிச்சைப் பிய்த்தெடுத்தான். 

பாறைமேல் கடகடவென்று ஒரு சத்தம். அவள் கீழே போட்ட பாட்டில், நரம்பு விறைத்து இழுபட, தானாக உருண்டு தண்ணீரை நோக்கிப் போனது. பூவரசனின் கைக்கு எட்டும் தூரம்தான்.

அவன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.