உதியாமாவின் சுரைக்கிண்ணத்தில் இரண்டு கண்கள்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. பக்கத்து வீட்டு ஷௌரேமே என்னிடம் வந்து, "என் பொண்டாட்டி கொஞ்ச நாளா என்கூட சண்டையே போடறதில்லை. என்னவோ சரியில்லை" என்றான். சண்டை போடாத உதியாமாவை நானும் பார்த்ததில்லை. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: 'மலைமேல் சூரியன் எழுந்தபோது உதியாமா தேன்மெழுகைப் பிசைந்து...' (வேண்டாம். எங்கள் மலைக் கதைகளில் சூரியன் எழுந்து எழுந்து களைத்துவிட்டது.)

வேறு: 'உதியாமா தப்பு செய்துவிட்டாள்.' இது இருக்கட்டும்.

2

குவாதலஹாரா நகரத்துக் கடைக்காரி எல்வீரா கேட்டிருந்தது, மானும் மக்காச்சோளமும் தேன்மெழுகின்மேல் பாசிமணியால் பதித்த சுரைக்கிண்ணம். விற்கிற கிண்ணத்தில் எதை வேண்டுமானாலும் பதிக்கலாம், வேண்டுதலைத் தவிர. வேண்டிக்கொண்டு பதித்தால் அது சாமியுடையது. கடல் தாய் ஹாராமராவின் கரையில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும்.

இது உதியாமாவுக்குத் தெரியாததா? ஆனால் அன்று எதிரே தன் கிண்ணத்தில் வேலையாக இருந்த ஷௌரேமே, நீலம் வைக்கிற இடத்தில் பச்சை வைத்தான். பிறகு மணியை ஊசி முனையில் எடுக்க முடியாமல் விரலால் தடவித் தேடினான். அவள் கை தானாகக் கிண்ணத்தின் அடியில் ஒரு ஜோடிக் கண்ணைப் பதித்தது. வாயும் முணுமுணுத்துவிட்டது: "தாயே, இந்த மனுஷனோட பார்வையைக் காப்பாத்து."

(நான் அப்போது அங்கே இல்லை. ஆனால் அவள் மனம் போகிற வழி எனக்குத் தெரியும்.)

3

"என்ன புள்ள, அடியில முட்டையா போட்டு வெச்சிருக்கே?" என்றான் ஷௌரேமே.

"ஆமா. உங்க மண்டையைப் பார்த்துப் போட்டேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஷௌரேமே கண்ணை மூடிக்கொண்டே மான் பதிப்பான் என்று ஊரே பெருமையடிக்கும். அவனிடம் போய் எப்படிச் சொல்வது? அன்றோடு அவனுடன் சண்டை போடுவதையும் விட்டுவிட்டாள்.

4

எல்வீராவைப் பொல்லாதவளாக எழுதத்தான் நினைத்தேன். கதைக்கு வசதி. கிண்ணம் வாங்க வந்த அவளோ, அவர்கள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தோர்த்தியா ரொட்டியால் பீன்ஸை வழித்துத் தின்றுவிட்டு, "வெட்கமாத்தான் இருக்கு, இன்னொண்ணு போடு" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கிண்ணத்தை எடுத்தவள், "ஐயோ, இந்தக் கண்ணு ரெண்டும் என்னையே பாக்குதே!" என்றாள்.

"கண்ணா? எங்க வீட்டுக்காரி முட்டைன்னாளே!" ஷௌரேமேயின் சிரிப்பு பாதியில் நின்றது. கிண்ணத்தை வாங்கி, அடியை விரலால் தடவினான். பிறகு எல்வீராவுக்குப் புரியாத எங்கள் மொழியில் கேட்டான்.

"யாரோட கண்ணு?"

"உங்களோடதுதான்."

"வேண்டிக்கிட்டியா?"

"ஆமா."

அப்போது ஷௌரேமேயின் முகத்தில்...

(எழுத வரவில்லை.)

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. கொடுத்துடலாம்" என்றான். கிண்ணத்தை மட்டும் விடவில்லை.

5

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் கிண்ணத்தை விற்கிறார்கள். அவன் கௌரவம் பிழைக்கிறது. அந்தப் பொய்யோடு இருவரும் ஒரே பாயில் படுக்க வேண்டும். இன்னொன்றில் கடலுக்குப் போகிறார்கள், பார்வை திரும்புகிறது. இரண்டையும் கிழித்தேன். பார்வை தருகிற சக்தி என் பேனாவுக்கு இல்லை. தவிர, பத்திரிகைக்கு விற்க எழுத ஆரம்பித்த நான், எந்த வரியிலோ அவனுக்காக வேண்டிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன்.

எல்வீரா சிரித்த முகத்தோடு கையை நீட்டியிருக்கிறாள். உதியாமா கிண்ணத்தை விடாத அவன் கையையே பார்க்கிறாள். இனி முடிவு நீங்கள் சொல்வதுதான். விற்கச் சொல்வதானால் என்னிடம் சொல்லாதீர்கள். ஷௌரேமேயிடம் சொல்லுங்கள், அவன் கண்ணைப் பார்த்து.