குழல் நடுக்கம்

குளிப்பாட்டுவதற்காக அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்தபோது அரைஞாண் கயிற்றில் ஏதோ இடறியது. சுரேந்திரன் ஈரக் கையால் தடவிப் பார்த்தான். பித்தளை வளையம். சுற்றி நின்றவர்கள் ஏதோ தாயத்து என்று நினைத்திருப்பார்கள். அது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

அப்பா நல்லையா பர்மா ரயில்வேயின் இன்சீன் பட்டறையில் கடைசல் பிடித்தவர். ஞாயிறானால் துப்பாக்கி கிளப். அடுப்படியில் ஈயத்தை உருக்கி அவரே குண்டு வார்ப்பார். அம்மா கனகாம்பாள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டுவாள். சுடும்போது துப்பாக்கிக் குழல் நடுங்குகிறது, ஈயக் குண்டு சோம்பேறி, நடுக்கத்தின் நடுவில் வெளியே வந்தால் எங்கேயோ போய் விழும் என்பார். அதற்குத்தான் இந்த வளையம். குழலின் நுனியில் மாட்டி மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே நகர்த்துவார். ஆட்டம் ஒரு பக்கம் போய்த் திரும்புவதற்குள் ஒரு கணம் நிற்குமாம். குண்டு அப்போது வெளியேற வேண்டும். பெண்டாட்டியிடம் காட்டாத பொறுமையையெல்லாம் மனுசன் அதனிடம் காட்டினார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். அப்படித்தான் சுரேந்திரன் நம்பியிருந்தான். ஒப்படைத்தவர் வளையத்தை மட்டும் ஏன் இடுப்பில் கட்டிக்கொண்டார்? அதில் எண்ணெய் வாசனை வேறு. அப்படியானால் குழல் வீட்டில்தான் இருக்கிறது. அது அகப்பட்டால் பவானியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் தெருவில் விட்டுவிட்டு அவன் கம்பி எண்ண வேண்டியதுதான்.

உடம்பைக் கூடத்தில் கிடத்தியபோது இனாயத்துல்லா வந்தார். பபேடான் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. கிளப்பில் அப்பாவின் கூட்டாளி. தோளில் திரைச்சீலைக் கம்பிக் கட்டு. சாவு வீட்டுக்கு யாராவது திரைச்சீலைக் கம்பியோடு வருவார்களா? துப்பாக்கியை ஒப்படைத்த அந்த வருஷம் ராணுவத்தார் கிளப் ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பவில்லை. பாயின் கடைக்கு மட்டும் ஒரு நாள்கூடப் பூட்டு விழவில்லை. அதற்குப் பிறகு இந்த வாசலை அவர் மிதித்ததும் இல்லை. காட்டிக் கொடுத்தவர் யாரென்று சுரேந்திரன் எப்போதோ முடிவு கட்டியிருந்தான்.

பாய் அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவன் காதருகே குனிந்தார்.

"தம்பி, கொழல் எங்க இருக்கு?"

"எந்தக் கொழல்?"

"வளையத்தப் பாத்திருப்பியே. அது பித்தளைதான், பயமில்ல, அவரோடயே போவட்டும். கொழல்தான் வேணும்."

"இங்க ஒண்ணும் கெடையாது பாய். வந்த காரியத்தப் பாத்துட்டுக் கெளம்புங்க."

"சரிப்பா. அம்மாவப் பாத்துட்டுப் போறேன்."

கம்பிக் கட்டோடு அவர் உள்ளறைக்குப் போனார். சுரேந்திரன் பின்னால் போக எழுந்தான். அதற்குள் வாசலில் வார்டு ஆபீஸ் ஆள் கோ ஸோ வந்து நின்றான். இரவு தங்குகிறவர்கள் பெயரைக் கேட்கிற சாக்கு. வாய் துக்கம் விசாரித்தது, கண் வீட்டுக்குள் மேய்ந்தது.

"கட்டோடு போன அந்தத் தாடிக்காரர் யார்? உங்கள் வீட்டுக்கு வேண்டியவரா?" என்று பர்மியத்தில் கேட்டான்.

"தெரியாது," என்றான் சுரேந்திரன்.

மாட்டிவிட வந்த ஆள் தானே மாட்டிக்கொள்ளட்டும் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். கோ ஸோ தலையாட்டிவிட்டுத் தெருமுனைச் சோதனைச் சாவடியைப் பார்த்து நடந்தான். சற்று நேரத்தில் பாய் வெளியே வந்தார். அவன் தோளைத் தட்டிவிட்டு, கம்பிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சைக்கா ரிக்‌ஷாவில் ஏறினார்.

சுரேந்திரன் உள்ளறைக்குள் போனான். அம்மாவின் கட்டில்மேல் கொசுவலை சரிந்து கிடந்தது. தலைமாட்டில் அதைத் தாங்கியிருந்த, துணி சுற்றிய கம்பியைக் காணவில்லை.

"கம்பி எங்கம்மா?"

"பாய்கிட்ட குடுத்துட்டேன்." கனகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "அதான் அந்தக் கொழல். அப்பா வேற கொழல மாட்டித்தான் ஆபீஸ்ல குடுத்தாரு. அவரு கண்ண மூடினா பாய் வந்து எடுத்துக்கிறதா அப்பவே பேச்சு. சாவு வீடுன்னா ஆபீஸ் ஆளுங்க உள்ள வருவாங்கல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புள்ளகுட்டிக்காரன், தெரியாமயே இருக்கட்டும்னு பாய்தான் சொன்னாரு. இங்க வந்து போனா உங்கமேல சந்தேகம் வரும்னு இத்தன வருசமா எட்டியும் பாக்கல, பாவம்."

"சாவடியில பிடிச்சா?"

"கடைக் கம்பிம்பாரு. துக்க வீட்டுக்கு வந்துட்டுப் போற வயசான மனுசன், தெரியாத ஆளா என்ன? யாரு கட்டப் பிரிச்சுப் பாக்கப் போறா?"

சுரேந்திரன் வெளியே ஓடினான். அவனுக்காகவே காத்திருந்ததுபோல் சடங்கு செய்யும் பண்டாரம் நீர்க்குடத்தை அவன் தோளில் ஏற்றினார். நாலு பேர் சவப்பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். சவவண்டி தெருவின் இந்த முனையில், சாவடி அந்த முனையில். பாயின் சைக்கா அங்கே வரிசையில் நிற்பதை ஒரு தரம் பார்த்தான். போய்ச் சொல்லிவிடலாம், எங்க வீட்டு ஆளுதான் என்று ஒரு வார்த்தை. குடத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றான். கூட்டம் அவனை வண்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

குடம் உடைந்தது.

"திரும்பிப் பாக்காம நடப்பா," என்றார் பண்டாரம்.

பின்னால் சாவடியில் விசில் ஊதினார்கள். யாரோ அதட்டினார்கள். கம்பிகள் ஒவ்வொன்றாகத் தார்ரோட்டில் விழுந்தன, கிணிங் கிணிங்கென்று, உள்ளே ஒன்றுமில்லாத லேசான கம்பிகள். கடைசியாக ஒன்று கனமாக விழுந்தது.

வண்டிக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். சுரேந்திரன் ஏறி உட்கார்ந்தான்.