விரலை எடுத்தால்தான் வரும்

காரைக்காலில் இறந்துபோனவர்களை ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டுதான் தட்டச்சு செய்ய வேண்டும். விசைப்பலகையில் இல்லாதது எதுவானாலும் அப்படித்தான். தலையில் சாய்ந்த கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து, தொப்பி வைத்த எழுத்து, அரை, கால், பாகைக் குறி, காலமானவர் என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. இடது கையால் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலது கையால் எண்ணைத் தட்ட வேண்டும். பிறகு இடது விரலை எடுத்தால் வந்துவிடுவார்கள். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் தலைகீழாக நின்றாலும் வரமாட்டார்கள்.

ஹபீபா பதினான்கு வருடமாக டி.டி.பி. சென்டர் நடத்துகிறாள். பிரான்சுக்கு மனு எழுதுகிறவர்களும் செத்தவர்களைப் பார்க்க வேண்டியவர்களும் அவளிடம்தான் வருவார்கள். எண் இறப்புச் சான்றிதழின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கும். வந்த ஆள், கோப்பு திறந்திருக்கும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பீரோ சாவி எங்கே என்று சொல்வார், ஒரு டீ குடிப்பார், போய்விடுவார். போன மாதம் வந்த ஒருவர், டீயில் சர்க்கரை போதவில்லை என்று பாதியிலேயே எழுந்து போனார். பிறவிக் குணம் செத்தாலும் போகாது.

சிலருக்குக் கட்டம் வரும். எழுத்துருவில் அந்த ஆள் இல்லையென்றால் நாலு கோடு போட்ட சின்னக் கட்டம்தான் வரும். ஒருமுறை கட்டம் வந்த எண்ணில் அப்புறம் ஆள் வந்ததே இல்லை.

ரொசாலி ஒரு திங்கட்கிழமை வந்தாள். அவள் கணவர் செலஸ்தேன் கிரேன் ஓட்டியவர், இறந்து ஏழு மாதம். அவளிடம் கேட்காமல் கொள்ளாமல் அவளுடைய தையல் மிஷினைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அவர் இறந்த அன்று காலையில் சொன்னாள். மத்தியானம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்த முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும் என்றுதான் வந்திருந்தாள்.

ரொசாலியே ஆல்ட்டை அழுத்தினாள், எண்ணைத் தட்டினாள். விரலை எடுக்கவில்லை. இருபத்துமூன்று நாளாகியும் எடுக்கவில்லை.

அவளுக்கு ஹபீபாதான் சோறு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். மற்ற வேலைகளைப் பக்கத்துக் கணினியில் பார்த்துக்கொண்டாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். யூ.பி.எஸ். கூவ ஆரம்பித்தது.

"எடுத்துடுங்கக்கா. இது கால் மணி நேரந்தான் தாங்கும். அப்புறம் நம்பரே அழிஞ்சிடும்."

"கட்டம் வந்துட்டா?"

வராது என்று பொய் சொல்லாமல் ஹபீபா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

ரொசாலி திரையைப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னதைச் சொல்லாததா வச்சுக்கிட்டு ஒரு தடவை மூஞ்சியைக் காட்டிட்டுப் போங்க."

விரலை எடுத்தாள். கட்டம் வந்தது.

மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து அதற்குள்ளே பார்த்தாள். வெறும் வெள்ளை. அவள் அழவில்லை. ஹபீபாவுக்குத்தான் அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஆல்ட் விசை இன்னும் அழுந்தியபடியே இருப்பதைப் பார்த்தாள். நகத்தால் நெம்பினாள். டீ சிந்தி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பிடித்திருந்தார்கள்.

"அவரும் உங்க நம்பரைத் தட்டிட்டு விரலை எடுக்க மாட்டாம உக்காந்திருக்காருக்கா."

"உசுரோட இருக்கிறவளுக்கு நம்பர் ஏதுடி?"

"அந்தப் பக்கத்துக் கீபோர்டுல நாமதானேக்கா இல்ல."

ரொசாலி விசையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. ஏழு மாதமாக இப்படியே பிடித்திருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டாள். பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஹபீபாவின் பவுடரைக் கொஞ்சம் வாங்கிப் பூசிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குக்கா."

"எடுக்கச் சொல்லு. எனக்குக் கூச்சமா இருக்கு."

ஹபீபா விசையின் மேல் குனிந்து, "எடுங்கண்ணே" என்றாள்.

பிறகு விசை மெல்ல மேலே எழுந்தது. ரொசாலி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. திரையில், முதல் கட்டத்துக்கு ஒரு இடைவெளி தள்ளி, இன்னொரு கட்டம் வந்திருந்தது.

யூ.பி.எஸ். விடாமல் கூவியது. ஹபீபா இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை அழித்துவிட்டுக் கோப்பைச் சேமித்தாள்.