தலையசைத்த நொடி

குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியின் முன்னறையில், தீவன மூட்டைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு டெலைனா தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். கால்நடைகளுக்கான மருந்தளவுக் கணக்கு. இதில் தேறாவிட்டால் அடுத்த வருஷம் கல்லூரியின் ரோடியோ அணியில், குதிரைமேல் போய்க் காளை பிடிக்கும் அந்த அணியில், இடமில்லை, உதவித்தொகையும் போச்சு. வெளியே வயோமிங் காற்று தகரத்தை உலுக்கு உலுக்கென்று உலுக்கியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாலோ, வாயைத் திறந்தாலோ கணினியின் கேமரா பிடித்துக்கொள்ளும், தேர்வு ரத்தாகிவிடும்.

போட்டியில் அவளுடைய ஜோடியான கோல்ட்டர் கதவைத் தட்டினான். "அடியே, நம்ம முறைக்கு இன்னும் நாலு ஜோடிதான் பாக்கி. ஒன் குதிரைக்கும் நானே சேணம் கட்டிட்டேன். பரீட்சை எழுதுறியா, பைபிள் எழுதுறியா?"

அவள் அடுத்த கணக்குக்குத் தாவினாள்.

"எனக்கு இது கடைசி வருஷம்டி. எட்டு செகண்டுல முடிச்சா காஸ்பர்ல தேசியப் போட்டி. இல்லேன்னா நாளைலேர்ந்து அப்பாகூட வேலி கட்டப் போகணும்."

காளையின் கொம்பில் சுருக்குக் கயிறு வீசுவது அவள், பின்னங்கால்களில் வீசுவது அவன். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் போட்டியே கிடையாது. கடைசி நான்கு கணக்குகளை அரக்கப்பரக்கப் போட்டு, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டு ஓடினாள்.

காளைக் கூண்டுக்கு இடப்பக்கம் குதிரையை நிறுத்தினாள். கூண்டுக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். இங்கே வாய்ப்பேச்சு கிடையாது. கொம்புக்கு வீசுபவர் தலையசைத்தால் கதவைத் திறப்பார், அவ்வளவுதான். வலப்பக்கம் கோல்ட்டரின் குதிரை முரண்டு பிடித்து இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். சும்மா காத்திருக்க மனசு விட்டால்தானே! கேள்வியில் கன்றின் எடை பவுண்டில் இருந்தது, மருந்து கிலோவுக்கு இவ்வளவு என்றிருந்தது. மாற்றினேனா? ஐயையோ, மாற்றவில்லை. நான்கு கணக்கும் தப்பு. இரண்டு புள்ளி இரண்டால் வகுத்திருக்க வேண்டும். ஆமாம், அதேதான்.

தலை தன்னால் அசைந்தது.

கதவு படாரென்று திறந்தது. "ஏய், இரு!" என்று கோல்ட்டர் கத்துவதற்குள் காளை பாதிக் களம் தாண்டிவிட்டது. விரட்டிப் போய்க் கடைசி வேலியோரத்தில்தான் கொம்பைப் பிடித்தாள். அவன் பின்னால் பறந்து வந்து இரண்டு கால்களையும் சுத்தமாகப் பிடித்தான். பதின்மூன்று செகண்டு என்று ஒலிபெருக்கி சொன்னது.

"நான் திரும்பவே இல்லையே, ஏன்டி தலையாட்டின?"

"பவுண்டை வகுத்திருக்கணும் கோல்ட்டர்."

"என்னது?"

"கணக்கு. இப்பதான் தெரிஞ்சுது."

திட்டுவதற்காகத் திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான்.

"அப்ப பாஸ் ஆக மாட்டியா?"

"மாட்டேன்."

அடுத்த ஜோடி உள்ளே வந்தாயிற்று, களத்தைக் காலி செய்யச் சொல்லிக் கத்தினார்கள். இருவரும் நகரவில்லை. அவள் குதிரைக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ஓட்டம் இன்னும் பாக்கியிருக்கிறது என்று நினைத்து, கடிவாளத்தை இழுத்து இழுத்து குளம்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.