உப்பும் மிளகும் இரண்டு கைப்பிடி

அன்று விடிந்ததிலிருந்து அருணாதேவி குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது மூன்றாவது முறை. ஒரு கையில் ஷேவிங் கண்ணாடி, ஒரு கையில் செல்போன் வெளிச்சம். நேற்று ஒன்றுமில்லாத இடத்தில் இன்று என்னவோ இருப்பது போலிருந்தது. விரலால் தடவினால் இல்லை. கையை எடுத்தால் மறுபடி இருப்பது போலிருந்தது.

"உள்ளயே குடித்தனம் நடத்துறியா? பஸ்ஸு போயிடும்மா!" மாமியார் கன்னியம்மாள் கதவைத் தட்டினாள்.

பத்து நாளைக்கு முன்னால் கணவன் குமரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்ன விஷயம் இது. "மறைவான எடத்துல மரு வந்திருக்குது. வைரஸாம். திருப்பூர்ல இருந்தப்ப, கல்யாணத்துக்கு முன்னாடி, ஒருத்தியோட பழக்கம் இருந்துச்சு. அதுல வந்ததா இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. மருந்து வெச்சிருக்காரு."

"எனக்கு?"

"தெரியல. நீயும் போயி காட்டணுமாம்."

அந்தத் 'தெரியல'தான் அவளை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. செல்போனில் தேடினால் மருவும் புற்றுநோயும் ஒரே பக்கத்தில் வந்து நின்றன.

அன்று அறைக் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்த கன்னியம்மாள் காதில் விழுந்தது 'மரு' என்ற ஒரு சொல் மட்டும்தான். மரு என்றால் அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்ட வேண்டும். உடனே நேர்ந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து மருமகளையும் இழுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, டவுனில் இறங்கி, அடி அண்ணாமலைக்கு ஆட்டோ பிடித்தாள்.

"எங்கதாம்மா இருக்குது அவனுக்கு? கழுத்துல பாத்தேன், முதுவுல பாத்தேன், ஒன்னுத்தையும் காணோம். கேட்டா எரிஞ்சு விழறான்."

அருணா வெளியே பார்த்தாள். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். "மருவா பெரியம்மா? குதிரை முடிய எடுத்து இறுக்கிக் கட்டுங்க. எங்க மச்சானுக்கு ஒரே வாரத்துல உதிர்ந்துடுச்சு."

"குதிரைக்கு நான் எங்கப்பா போவேன்?"

எங்கே கட்டுவது என்று நினைத்ததும் அருணாவுக்குச் சிரிப்பு பொங்கியது. பாதியிலேயே அது அழுகையாகிவிட, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்ன அம்மன் கோயில். பலிபீடத்தில் யார் யாரோ கொட்டிய உப்பு கசிந்துகொண்டிருந்தது. மகன் பேரைச் சொல்லி ஒரு கைப்பிடி கொட்டினாள் கன்னியம்மாள். உப்பு மிளகுப் பையைக் கட்டப் போனபோது அருணாவின் கை உள்ளே நுழைந்து ஒரு பிடி அள்ளியது.

"உனக்கு எதுக்கு? உனக்கு எங்க இருக்குது?"

"இல்ல அத்தை. வந்துடுமோன்னுதான்."

"வந்தவங்கதான் கொட்டுவாங்க. வராததுக்கு யாராச்சும்..." கன்னியம்மாள் நிறுத்தினாள். மகனின் எரிச்சல், மருமகளின் தாழ்ப்பாள், பத்து நாளாகக் கூடத்தில் தனியாக விரிந்த பாய், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். குரலைத் தணித்தாள். "அங்கயா?"

அருணா தலையாட்டினாள்.

"உன்னாலயா, அவனாலயா?"

சுருக்கென்றது. "திருப்பூர்ல, கல்யாணத்துக்கு முன்னாடின்னு அவரே சொன்னாரு."

"பொறம்போக்கு! வீட்டுக்கு வரட்டும்." கையில் ஒட்டிய உப்பை உதறினாள். "நீ டாக்டரப் பாத்தியா?"

"ரெண்டு வாட்டி போனேன் அத்தை. சீட்டு எழுதறவர் இன்னா உடம்புக்குன்னு கேட்டாரு. தலைவலின்னுட்டேன். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

"ரெண்டு வாட்டியுமா?"

"ரெண்டு வாட்டியும்."

"கொட்டு அதை. கிளம்பு."

டவுன் ஆஸ்பத்திரியில் கன்னியம்மாளே முன்னால் போய் நின்றாள். "மரு. பொம்பள டாக்டருக்கு எழுதுப்பா. எங்கன்னு கேக்காத."

டாக்டர் சந்திரகலா பொறுமையாகப் பரிசோதித்தார். "இப்ப ஒன்னும் இல்லம்மா."

"அப்ப ஒட்டலையா டாக்டர்?"

"அப்படியும் சொல்ல முடியாது. சில மாசம் கழிச்சும் வரலாம், வராமலே போகலாம். நிறைய பேருக்கு உடம்பே அதை அடக்கிடும். வந்தாலும் மருந்து இருக்குது. மரு உண்டாக்கற வைரஸ் வகை வேற, புற்றுநோய்க்குக் காரணமாகற வகை பெரும்பாலும் வேற. முப்பது வயசானதும் கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிக்குங்க, அது எல்லாப் பொம்பளைங்களுக்கும் சொல்றதுதான். அவருக்கு முழுசா ஆறட்டும், அதுவரைக்கும் தள்ளியே இருங்க. தினமும் பாத்துக்கறீங்களா?"

"ஆறு, ஏழு வாட்டி."

"மாசத்துக்கு ஒரு தடவை போதும்."

வெளியே காத்திருந்த கன்னியம்மாள் பஸ்ஸில் கேட்டாள். "இன்னா சொன்னாங்க?"

"இப்போதைக்கு இல்லையாம். வருமா வராதான்னு தெரியாதாம். மாசம் ஒரு தடவை பாத்தா போதுமாம்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்சாங்க?" என்றாள்.

மறுநாள் காலை அருணா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஆணியில் கண்ணாடி இல்லை.

"தேடாத. கண்ணாடி எங்கிட்ட இருக்குது," வெளியிலிருந்து கன்னியம்மாள். "அடுத்த மாசம் தர்றேன்."

"அப்ப நான் எதைப் பாத்து ஷேவ் பண்றது?" குமரேசனின் குரல்.

"நீ தாடி வளத்துக்கினு கிரிவலப் பாதையில போயி உக்காரு. இருக்கற சாமியாருங்க பத்தலையாம்."

உள்ளே அருணா சிரித்துவிட்டாள். விரல் பழக்கத்தில் கீழே போயிற்று. பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே குழாயைத் திறந்துவிட்டாள்.