பின்கதவுக்கு அந்தப் பக்கம் திண்டிவனம்

1984ஆம் ஆண்டு மார்ச் பதினான்காம் தேதி, புதன்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, விழுப்புரத்தில் சர்வேயர் அரங்கநாதன் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்தார். வழக்கமாக அங்கே கிணறும் முருங்கை மரமும் இருக்கும். அன்றைக்குத் திண்டிவனம் இருந்தது. சரியாகச் சொன்னால், முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற திண்டிவனத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அறை இருந்தது. அவர் மனைவி ஜெயம்மாள் அங்கே உட்கார்ந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "கதவ சாத்துங்க, காத்துல காயிதம் பறக்குது" என்றார்.

ஜெயம்மாளுக்குப் பதவி உயர்வு வந்தது 1982 ஜூனில். பதினெட்டு வருடம் கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தியவருக்குக் கை வைத்த நாற்காலி கிடைத்தது. ஆனால் நாற்காலி திண்டிவனத்தில் கிடந்தது. ஆறு மாதம் தினமும் பஸ்ஸில் போய் வந்தார். முழங்கால் வீங்கியதும் அங்கேயே ஓர் அறை பிடித்து, திங்கள் முதல் வெள்ளி வரை தங்கினார். அரங்கநாதன் இங்கே தனியாகக் கேப்பைக் களி கிண்டிச் சாப்பிட்டார். நிலத்தை அளக்கத் தெரிந்தவருக்குத் தண்ணீரை அளக்கத் தெரியவில்லை. களி ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. 1983 தீபாவளிக்கு வந்த ஜெயம்மாள் ஒரு கடிதம் எழுதினார். பதவி உயர்வு வேண்டாம், பழைய வேலையையே உள்ளூரில் கொடுத்துவிடுங்கள் என்று மேலதிகாரிக்கு. தேதி மட்டும் போடவில்லை. அதை ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டு, "மார்ச் கடைசிக்குள்ள இதுக்கு ஒரு வழி பொறக்கலைன்னா தேதி போட்டுக் குடுத்துடறேங்க. ரெண்டு ஊர்ல ரெண்டு அடுப்பு எரியறது எனக்கு ஒத்துவரல" என்றார். அந்த நாற்காலியில் உட்காரும்போது ஜெயம்மாள் அரை அங்குலம் உயரமாக இருப்பார் என்பது அரங்கநாதனுக்குத் தெரியும். அளக்கிற கண். அந்தக் கடிதம் போகக்கூடாது என்று அவர் விரும்பினார். ஆனால் விரும்புவதைத் தவிர அவர் கையில் ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் ரயில் நிலையத்துக்கு எதிரில் போண்டா வாங்கினார். போண்டாவைச் சுற்றியிருந்த காகிதம் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் பக்கம். அதில் ஒரு மரக்கிண்ணத்தின் படம். கிண்ணம் ஒரே கட்டையில் குடைந்ததல்ல. ஆப்பு ஆப்பாக மரத்துண்டுகளை வெட்டி, வட்டமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கி, கடைந்து எடுத்தது. செங்கல் வைத்துக் கட்டிய கிணறு போல இருந்தது. எழுத்தையெல்லாம் எண்ணெய் குடித்துவிட்டது. மிஞ்சியது இரண்டு எண்கள்: பன்னிரண்டு துண்டு, முனைக்குப் பதினைந்து டிகிரி. அவருக்கு அது போதும். முப்பது வருடமாகக் கோணத்தோடு குடும்பம் நடத்துகிறவர். பதினைந்து டிகிரியைக் கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவேன் என்று போண்டாக் கடைக்காரரிடம் சொன்னார். அவர் இரண்டு போண்டாவுக்கு மட்டும் சில்லறை கேட்டார்.

கடைசல் மெஷினுக்கு மோட்டார் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே மோட்டார் மாவரைக்கும் கிரைண்டருடையது. ஜெயம்மாள் இல்லாத நாட்களில் மாவு யாருக்கு? திங்கட்கிழமை மோட்டாரைக் கழற்றிக் கடைசலில் மாட்டுவார். வெள்ளிக்கிழமை மாலை கழற்றிக் கிரைண்டரில் மாட்டுவார். மரத்துக்கு அலையவில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே அளவு வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம் ஒரு துண்டு பொறுக்கி வந்தார். முதல் துண்டு தன் வீட்டுப் பின்கதவு நிலையில் பெயர்ந்த சில்லு. அடுத்து முண்டியம்பாக்கத்துக் கரும்பு வண்டியின் ஆரக்கால், விக்கிரவாண்டியில் ஒரு லாரியின் பக்கப் பலகை, கூட்டேரிப்பட்டுச் சாலைப் புளியமரத்தில் ஒடிந்த கிளை என்று பஸ் நிற்கிற பன்னிரண்டு இடத்துக்குப் பன்னிரண்டு. கடைசித் துண்டு ஜெயம்மாள் பையில் போட்டுக் கொண்டுவந்தது. தலைமையாசிரியை அறைக் கதவில் கழன்ற தாழ்க்கட்டை. துண்டுகளின் மேல் ஊர்ப் பெயரை எழுதி, பஸ் போகும் வரிசையிலேயே வட்டமாக வைத்தார். சர்வேயர் வேறு எப்படி வைப்பார்?

வட்டம் மூடவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நகம் நுழைகிற சந்து நின்றது. தெருமுனையில் கட்டில் கால் கடைகிற மண்ணாங்கட்டி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சர்வேயர் சார், வளையலா? அம்மா கைக்கு லூசா இருக்குமே."

"சந்து எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியலபா. ஒவ்வொரு வெட்டும் பதினஞ்சு டிகிரிதான்."

"வெட்டு எத்தினி? இருவத்தி நாலு. ஒவ்வொண்ணுலயும் மயிரு கனம் வுட்டீங்கன்னா, இருவத்தி நாலு மயிரு. கட்டுனா குடுமி. மரத்தூள பசையில கொழச்சி அடைச்சிட்டு ஜல்தியா சாப்புடப் போங்க சார்."

"எல்லைத் தகராறுல மண்ணக் கொட்டி மூடற வேலை எங்க ஆபீஸ்ல கெடயாது" என்றார் அரங்கநாதன்.

அவர் ஆபீஸில் வேறு வழக்கம் உண்டு. சங்கிலி பிடித்து நிலத்தைச் சுற்றிவந்தால், புறப்பட்ட கல்லுக்கே திரும்பும்போது ஒரு சாணோ அரைச் சாணோ கணக்கு இடிக்கும். அதைக் கடைசிக் கல்லின் தலையில் கட்ட மாட்டார்கள். எல்லாக் கல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், ஒருவருக்கும் வலிக்காது. மரத்திலும் அதையே செய்தார். இருபத்து நான்கு முகத்திலும் உள்பக்க ஓரமாக உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. சந்து சற்றே மெலிந்தது. மறுநாள் விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பஸ் திண்டிவனத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டிரைவரைப் பாராட்டினார்கள். மூன்றாவது தேய்ப்பில் கால் மணி நேரம் குறைந்தது. ஆறாவது தேய்ப்பில் கண்டக்டர் விருத்தாசலம் ஜெயம்மாளிடம் அழாத குறையாகச் சொன்னார்: "டீச்சர், நான் டிக்கெட்டு போட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டி ஊருக்குள்ள பூந்துடுது. பாதிப் பேரு ஓசியில எறங்கிப் போயிடறான். ஒரே பேஜாரு." நிலம் குறைந்துவிட்டதோ என்று பயந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தவர்கள் மனு கொடுத்தார்கள். அரங்கநாதனே போய் அளந்தார். ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. குறைந்தது தூரம் மட்டும். தூரத்துக்குப் பட்டா கிடையாது என்பதால் மனு தள்ளுபடி ஆனது. வெள்ளிக்கிழமை வந்த ஜெயம்மாள், "பஸ்ல கண்ண மூட முடியலங்க. மூடிக்கினு தொறந்தா விழுப்புரம்" என்றார். அரங்கநாதன் வளையத்தைப் பார்த்தார். ரேடியோவுக்கு அடியில் கடிதத்தைப் பார்த்தார். பிறகு உப்புத்தாளில் மெல்லிசு ரகமாக நான்கு வாங்கி வந்தார்.

மார்ச் பதின்மூன்றாம் தேதி சந்து மறைந்தது. வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சித் தடவி, அடியில் ஒரு தேக்குப் பலகை வைத்து, சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றிக் காயப்போட்டார். பன்னிரண்டு ஊருக்கும் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டன. விழுப்புரத்துக்கு இடப்பக்கம் திண்டிவனம் வந்து நின்றது. மறுநாள் மாலை பின்கதவு திறந்த கதையைத்தான் மேலே சொன்னேன். தூரம் மொத்தமும் கதவுக்கு வந்து சேர்ந்துவிட்டதால் சாலை பழைய நீளத்துக்குத் திரும்பியது. விருத்தாசலம் நிம்மதியாக டிக்கெட் போட்டார். கிணற்றுக்குப் போக மட்டும் பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டியிருந்தது.

ஜெயம்மாள் மாலை நாலே முக்காலுக்குப் பள்ளியைப் பூட்டி நாலே முக்காலுக்கே வீட்டுக்கு வந்தார். தினமும் வந்ததால் தினமும் மாவு தேவைப்பட்டது. மோட்டார் கிரைண்டரைவிட்டு அசையவில்லை. பதினாறு நாள் இட்லி வெந்தது. வளையம் கடையாமல் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துத் தட்டிப் பார்த்த மண்ணாங்கட்டி இந்த முறை சிரிக்கவில்லை.

"பசைய நம்பிக்கினு இருக்காதீங்க சார். பச்சையா வுட்டா மழைக்கு ஈரம் குடிச்சி வாயப் பொளந்துக்கும். கடைஞ்சி எண்ண காட்டுனாத்தான் நிக்கும்."

"கடையற நேரத்துல பிச்சிக்காதா?"

"பிச்சிக்கலாம். கதவுக்கு நேரா நிக்காதீங்க."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜெயம்மாள் ரேடியோவைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தார். மறுநாள் மார்ச் முப்பத்தொன்று, சனிக்கிழமை. கெடுவின் கடைசி நாள். "கடைஞ்சிடுங்க" என்றார். "நான் அந்தப் பக்கம் இருக்கேன். புட்டுக்கிச்சின்னா தேதியப் போட்டு தபால்ல சேத்துட்டு, பஸ் புடிச்சி வந்துடறேன். நின்னுச்சின்னா இட்லி ஊத்தி வையுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு, மண்ணாங்கட்டி பக்கத்தில் நிற்க, மறுபடி கடைசலில் மாட்டிய மோட்டார் ஓடத் தொடங்கியது. வளையம் சுற்றியதும் திறந்திருந்த பின்கதவில் ஊர்களும் சுற்றின: முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, புளியமரம், பள்ளிக்கூடம், மறுபடி முருங்கை. பிறகு வேகம் கூடி எல்லா ஊரும் ஒன்றாகக் கலந்து, கரும்புப் பாகும் டீசலும் வெயிலும் சேர்ந்த ஒரு வாசம் மட்டும் வந்தது. விக்கிரவாண்டி டீக்கடையில் நின்றவர்கள், தலையெல்லாம் மரச்சுருளோடு ஓர் ஆள் உளி பிடித்து நிற்பதைக் கண் இமைக்கிற நேரம் பார்த்ததாகச் சொன்னார்கள். முண்டியம்பாக்கத்தில் மேய்ந்த ஆடு ஒன்று சமையலறைக்குள் வந்து விழுந்தது. அப்போது வளையத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"சார், நிறுத்துங்க சார்!" என்றார் மண்ணாங்கட்டி.

அரங்கநாதன் நிறுத்தவில்லை. சத்தம் வந்தது அடிப் பலகையிலிருந்து, மூட்டிலிருந்து அல்ல என்று அவர் காது சொன்னது. இருபத்து நான்கு முகத்தையும் விரலால் அறிந்தவருடைய காது. உளியை ஒரு நெல் அளவு பின்னால் இழுத்து, மறுபடி மெல்ல வைத்தார். சுருள் நாடா போல வந்தது. உள்ளும் புறமும் வழவழப்பானதும் மல்லாட்டை எண்ணெயைத் துணியில் நனைத்துக் காட்டினார். பிறகுதான் சுவிட்சை அணைத்தார். ஊர்கள் வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகத் தலைகாட்டி, கடைசியில் திண்டிவனத்தில் வந்து நின்றன. ஜெயம்மாள் ஒரு கையில் கடிதமும் ஒரு கையில் பேனாவுமாக நின்றிருந்தார். பேனாவின் மூடி கழற்றப்படவில்லை.

"இட்லி ஊத்தினீங்களா?"

"இல்ல ஜெயா. ஆடு வந்துடுச்சி."

ஆட்டுக்காரர் பூமாலை மறுநாள் பஸ்ஸில் வந்து ஓட்டிப்போனார். கிண்ணத்தில் அன்றிலிருந்து வறுத்த மல்லாட்டை இருந்தது. ஐப்பசி மழைக்குக் கதவு கொஞ்சம் பிடிக்கும். தோளால் ஒரு தள்ளு தள்ளினால் திண்டிவனம் வந்துவிடும். எல்லார் வீட்டுக் கதவும் மழைக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. ஜெயம்மாள் அதற்குப் பிறகும் மூன்றரை வருடம் அந்த நாற்காலியில் அரை அங்குலம் உயரமாக உட்கார்ந்தார்.

1987இல் அவரை மரக்காணத்துக்கு மாற்றினார்கள். நாற்காலி அதே நாற்காலிதான், இடம் கடலோரம். உத்தரவைப் படித்துவிட்டு அவர் அதை அரங்கநாதனிடம் நீட்டினார். அரங்கநாதன் பழைய கடிதத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் இரண்டாவது வளையத்துக்குக் கணக்குப் போடத் தொடங்கினார். முதல் வளையத்தின் மூட்டுக்கு மேல் இதன் மூட்டு வரக்கூடாது, செங்கல் போல மாற்றி உட்கார வேண்டும். முதல் துண்டைப் பக்கக் கதவு நிலையில் எடுத்தார். கடைசிக்கு, மரக்காணத்தில் மீன்பிடிக் குடும்பத்துக் கெங்கம்மாள் உடைந்த கட்டுமரத்தில் ஒரு துண்டு கொடுத்தார். இந்த முறை நான்கே தேய்ப்பில் சந்து மூடியது, கை பழகிவிட்டது. இப்போது பக்கக் கதவைத் திறந்தால் உப்புக் காற்று வரும், சமையலறையில் தினமும் ஒரு முறம் மணல் சேரும். திண்டிவனத்துக்கு வந்த புதிய தலைமையாசிரியர் செவ்வாய்க்கிழமைகளில் இட்லிக்கு வந்து போவார்.

ஜெயம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: இன்னும் எத்தனை வளையம் அடுக்கினாலும் வாசல் கதவை மட்டும் விழுப்புரத்துக்கே விட்டுவைக்க வேண்டும், கிணற்றுக்குப் போக ஒரு வழி வேண்டாமா? அரங்கநாதன் ஒப்புக்கொண்டார்.