பன்னிரண்டு தகரம்

விடியுமுன் இறங்கினால்தான் வெயில் ஏறுவதற்குள் நாற்பது கூடை மணலாவது அள்ள முடியும். போன வெள்ளம் என் மக்காச்சோளத்தைக் கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்த்து, அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஈர மணல் கல்லாகக் கனக்கும். மண்வெட்டிப் பிடி உரசி உரிந்த உள்ளங்கையில் வியர்வை பட்டால் சுரீரென்று எரியும்.

அதைவிட என் வயிறு எரிந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியும் மணல்தான் அள்ளினாள். ஆனால் அவள் வீட்டின் மேல் பன்னிரண்டு புதுத் தகரம் பளபளத்தது. எண்ணிவிட்டேன், ஒரு தடவை இல்லை.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாங்கள். அவர்கள் டவுனில் மூட்டை தூக்க, மில்காரரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாங்கள் பயிர் வைக்கிறோம். பயிர்க் காப்பீட்டுக்கு இருவரும் ஒரே நாளில்தான் அவர் கையில் பணம் கொடுத்தோம். ரசீது கேட்க வாய் வரவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு, "உங்க வயலெல்லாம் லிஸ்ட்டுல வரலம்மா" என்று கையை விரித்தார். அப்படியானால் இவளுக்கு மட்டும் தகரம் ஏது? கேட்டதற்கு, "சீட்டு விழுந்துச்சுக்கா" என்றாள். அவள் சீட்டுப் போடும் லட்சணம் எனக்குத் தெரியாதா?

நியாயம் கேட்க நான் போகவில்லை. அவளுக்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேளாண்மை ஆபீசில் தகவல் கேட்டு மனுப் போட்டேன். எந்த வயலுக்கு, யாருக்கு இழப்பீடு என்று நாற்பதாம் நாள் பட்டியல் வந்தது.

அவள் பெயர் அதில் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு என் வயலின் எண்ணைப் பார்த்தேன். இழப்பீடு வழங்கப்பட்டிருந்தது. எதிரே மில்காரர் பெயர், 'சொந்தச் சாகுபடி' என்று. அவள் வயலுக்கும் அப்படியே. அவர் குத்தகைக்கு விட்டிருந்த பதினோரு வயலுக்கும் அப்படியே.

வரப்பில் நின்றே பட்டியலை நீட்டினேன். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாருக்கா, ஆபீசுல காட்ட ஒருத்தி போட்டாப் போதும்னு. நான் அவர்கிட்ட கூலிக்கு வேலை செய்யறேன்னு எழுதியிருந்துச்சு. தகரம் தரேன், உன் ஓரகத்திகிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னாரு."

"நீயும் விடல."

"உன் வீட்டுக்கு ஓடு இருக்கு. என் வீடு கல்யாணமான நாள்லேர்ந்து ஒழுகுது. ஒரு தடவையாவது நீ என் வீட்டை அண்ணாந்து பாக்கணும்னு இருந்துச்சு."

பார்த்தேன்தான். கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

சேதி எட்டியதும் மில்காரரே வயலுக்கு வந்தார்.

"நிலம் யாருதும்மா?"

"உங்களுதுங்க" என்றேன்.

"அப்ப பணம் யாருக்கு வரும்?"

"மணல் அள்றது யாருங்க?" என்றாள் ஓரகத்தி.

அவர் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ மூத்தவ. உனக்குப் பதினஞ்சு தகரமா இறக்கிடறேன். மனுவெல்லாம் எதுக்கு?"

பதினைந்து. அவளைவிட மூன்று கூட. என் மனம் ஆடத்தான் செய்தது. எங்களை அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்ற ஆத்திரம்தான் என்னை நிறுத்தியது.

"எனக்கு ஓடு இருக்குங்க. எனக்கு வர வேண்டியதைக் குடுங்க."

"அடுத்த வருஷம் குத்தகை வேணாமா?"

"இப்ப மெரட்டினதையும் மனுவுல எழுதிக்கறோங்க."

இலவசச் சட்ட உதவி வக்கீலம்மா வழி சொன்னார். மாவட்டக் குறைதீர்க்கும் குழுவுக்கு ஒரு மனு, மில்காரர் பொய்ச் சான்று கொடுத்ததற்குப் போலீசில் ஒரு புகார். "பயிர் வச்சது நீங்கதான்னு விதை வாங்கின ரசீது வேணும். பக்கத்து வயக்காரங்க சாட்சிக் கையெழுத்தும் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு குடும்பமும் ஓரகத்தி வீட்டில் கூடியது. தகரத்தைக் கழற்றி மில் வாசலில் போடப்போவதாக அவள் குதித்தாள்.

"இருக்கட்டும்டி. அதுவும் சாட்சிதான். மழை வேற வருது" என்றேன்.

மழை தகரத்தில் கொட்டியது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கூலிக்காரி என்று தன்னிடம் மில்காரர் எப்படிக் கையெழுத்து வாங்கினார் என்பதை அவள் ஒளிக்காமல் எழுதினாள். பணம் வருமா, நிலம் கையில் நிற்குமா, யாருக்கும் தெரியாது. அவள் மனுவில் பக்கத்து வயல்காரியாக நான் கையெழுத்துப் போட்டேன். என் மனுவில் அவள் போட்டாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.

"அடுத்த வயக்காரங்க வாங்க" என்று பேனாவை நீட்டினேன்.